கடையில் வழுக்கி விழுந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சித்தி விழுந்தார். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. மூன்றாம் மாடியில் சேலை எடுத்து, பணம் கட்டி, இரண்டு கட்டைப்பைகளோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். லிஃப்டுக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் படியே மேல் என்று முடிவு செய்தவர். அப்போதுதான் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எச்சரிக்கைப் பலகை இல்லை, குறுக்கே கயிறும் இல்லை. விழும்போது வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சித்திக்குத் தையல்தான் தொழில். தீபாவளி நெருக்கத்தில் ஒரு தையல்காரரின் வலது கை மாவுக்கட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பது, அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மேலாளர் ஓடி வந்தார். நாற்காலி வந்தது, சோடா வந்தது, ஆட்டோவும் வந்தது. ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்பு ஐயாயிரம் ரூபாய் வைத்த கவர் ஒன்றை நீட்டினார். கூடவே ஒரு தாள். "சும்மா ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் அம்மா." கையெழுத்துப் போடுகிற கைதான் உடைந்திருந்தது. இடது பெருவிரலை வைத்தால் போதும் என்று ஒருவர் மை டப்பா தேடிப் போன இடைவெளியில் சித்தப்பா வந்துசேர்ந்துவிட்டார். அந்தத் தாளை அவர் வாங்கிப் படித்தார். "என் கவனக்குறைவால் விழுந்தேன், மருத்துவச் செலவு முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள். அப்படியென்றால் இதற்கு முன்னும் அந்தப் படியில் யாரோ விழுந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்!

அன்று இரவு வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. எதிர்வீட்டுக்காரர் போலீசுக்குப் போகச் சொன்னார். மாமா சிவில் வழக்குப் போட்டுப் பத்து லட்சம் கேட்கச் சொன்னார். சட்டக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காத சித்தி மகள், நுகர்வோர் ஆணையம் என்றாள். சித்தப்பாவோ பேசி முடித்துக்கொள்வோம் என்றார். நான் வழக்கறிஞன் அல்ல. ஆனால் முப்பது வருடம் அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்தவன். காகிதத்தின் அருமை தெரியும். அடுத்த சில மாதங்கள் வழக்கறிஞர் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து இந்த நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அப்போது எனக்குப் புரிந்தது இதுதான்: எந்த வழி நல்லது என்பதைக் கோபம் தீர்மானிப்பதில்லை. கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

முதலில், கடை பொறுப்பா?

கடைக்குள் விழுந்த ஒவ்வொருவருக்கும் கடை பணம் தர வேண்டியதில்லை. சொந்தச் சேலைத் தலைப்பு காலில் சிக்கி விழுந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? கடை செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டதா, அதனால்தான் அடிபட்டதா என்ற இரண்டையும் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் இதற்கென்றே 1957இல் ஒரு சட்டம் போட்டார்கள். இடத்தை வைத்திருப்பவர் அங்கே வருகிறவர்களின் பாதுகாப்புக்கு எந்த அளவு பொறுப்பு என்பதை அது சொல்கிறது. நம்மிடம் அப்படி ஒரு தனிச்சட்டம் கிடையாது. ஒருவர் இழைத்த தீங்குக்கு ஈடு கேட்க வழிசெய்யும் தீங்கியல் சட்டத்தின் பொதுவான நெறிகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும்தான் நமக்கு ஆதாரம்.

வழுக்கி விழுந்தவருக்கு வரும் பெரிய சிக்கல், தரையில் தண்ணீர் எத்தனை நிமிடமாகக் கிடந்தது என்பதை அவரால் சொல்ல முடியாது என்பதுதான். 1970களில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இதே கேள்வி எழுந்தது. டெஸ்கோ பல்பொருள் அங்காடியில் கொட்டிக் கிடந்த தயிரில் ஒரு பெண்மணி வழுக்கி விழுந்திருந்தார். தயிர் எப்போது கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது அவர் வேலை அல்ல, கொட்டியதை உடனுக்குடன் துடைக்க ஒழுங்கான ஏற்பாடு இருந்தது என்று கடைதான் காட்ட வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நம் உச்ச நீதிமன்றமும் 1966இல், தில்லி சாந்தினி சௌக்கின் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கில், நடந்த விபத்தே கவனக்குறைவைச் சொல்லும் இடங்களில் விளக்கம் தர வேண்டியவர் உடைமையாளர்தான் என்ற நெறியைக் கையாண்டது. ஈரப்படி மணிக்கூண்டு அல்ல என்று கடைத்தரப்பு வாதிடும். வாதிடட்டும். பளபளப்பான கிரானைட் படியைப் பண்டிகைக் கூட்டத்தின் நடுவே ஈரத்துணியால் துடைப்பது ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் அது இல்லாத கடையும் இல்லை, வாகன நிறுத்தமும் இல்லை. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தில்லியில் ஒரு பெரிய ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், டோக்கனில் அச்சிட்ட அத்தகைய வாசகத்தைக் காட்டி ஓட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்பிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொருளைப் பற்றிய வழக்கு. உடம்பு விஷயத்தில் பலகையின் மதிப்பு இன்னும் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

கடையில் பேசி முடிப்பது

மிக விரைவானது இது. செலவும் இல்லை. சிராய்ப்பு, சுளுக்கு, இரண்டு நாள் ஓய்வு என்ற அளவில் முடிகிற விஷயத்துக்கு இதுவே போதும்; வழக்கு என்று அலைவது வீண்.

ஆனால் மக்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். வலி முழுதாகத் தெரிவதற்கு முன்னாலேயே தாள் நீட்டப்படுகிறது. எலும்பு கூடுமா, தகடு வைக்க வேண்டுமா, விரல் பழையபடி மடங்குமா என்பது வாரங்கள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் "முழு நிறைவாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு எந்த மன்றத்துக்குப் போனாலும் முதலில் அந்தத் தாளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்று வாதிடலாம்தான், நிரூபிப்பது நம் தலையில் விழும். பணத்தை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. "முதலுதவிச் செலவுக்காக மட்டும் இவ்வளவு பெற்றேன்" என்று நாமே எழுதிக் கொடுத்து வாங்கலாம். எழுத்தில் அந்த ஒரு சொல்லுக்கு, அந்த "மட்டும்" என்பதற்கு, நிறைய விலை இருக்கிறது.

பெரிய கடைகள் பலவற்றுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கும். வாடிக்கையாளருக்கு அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் தரும் பணம் அது. காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் கடைக்காரர் தவறை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையை அத்தகைய பாலிசிகளில் வழக்கமாகப் பார்க்கலாம். ஆகவே மேலாளர் ஒரு "மன்னிக்கவும்" சொல்லக்கூடத் தயங்கினால் அது கல்நெஞ்சாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இதில் நமக்குள்ள நன்மை, "உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டீர்களா?" என்று எழுத்தில் கேட்கலாம். கடையின் சொந்தப் பணம் போகாது என்று தெரிந்த பிறகு பேச்சின் தொனியே மாறிவிடுவதை நான் பார்த்தேன். (1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று ஒன்றை யாராவது எடுத்துக் காட்டினால் குழம்ப வேண்டாம். அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் இடங்களுக்கானது. ஈரப்படிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

போலீஸ் நிலையம்

கவனக்குறைவான செயலால் ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்படுத்தினால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். உயிரே போய்விட்டால் 106ஆவது பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறை. எதிர்வீட்டுக்காரருக்கு இந்தச் சட்டம் 2024 ஜூலை 1இலிருந்து நடப்பில் இருப்பது தெரியாது. 337, 338 என்று பழைய பிரிவுகளையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இழப்பீடு பெறும் வழியாக இதைப் பார்த்தால் ஏமாற்றம்தான். அபராதம் அரசுக்குப் போகும். அதிலிருந்து பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம், ஆனால் பத்தாயிரத்தில் என்ன மிஞ்சும்? குற்றவியல் வழக்கில் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய அளவும் கடுமை. கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது முதலாளி அல்ல, மாதம் பதினைந்தாயிரத்துக்குத் தரை துடைக்கிற பெண்ணாகவோ தளத்தைப் பார்த்துக்கொள்கிற பையனாகவோ இருக்கலாம். சித்திக்கு இது பிடிக்கவில்லை. "அந்தப் பெண் என்னைப் பார்த்து அழுதுவிட்டாள்" என்றார். முதலாளி தன் ஊழியரின் தவறுக்குப் பொறுப்பாவது சிவில் விவகாரங்களில்தான்.

இருந்தாலும் காவல் நிலையத்துக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. காரணம் காகிதம். புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை போடாவிட்டாலும் புகாரைப் பெற்றதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள். இன்ன தேதி, இன்ன இடம், இன்னது நடந்தது என்று அரசுப் பதிவேட்டில் ஏறிவிட்டது என்பதற்கு அது சாட்சி. லிஃப்ட் கோளாறு, கண்ணாடிக் கதவு உடைந்து விழுந்தது, மேற்கூரை சரிந்தது போன்றவற்றில் ரசீதோடு நிற்கக் கூடாது, வழக்குப் பதியவே வலியுறுத்த வேண்டும். தமிழ்நாட்டில் லிஃப்டுக்கும் நகரும் படிக்கட்டுக்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமலோ பராமரிப்பு இல்லாமலோ ஓட்டியது விசாரணையில் வெளிவந்தால், பிறகு இழப்பீடு கேட்கும்போது பாதி வேலை முடிந்த மாதிரி.

நுகர்வோர் ஆணையம்

சித்தி மகள் சொன்னதுதான் கடைசியில் நாங்கள் போன வழி. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பெரிய வசதி, கட்டணம். எந்த ஆணையத்துக்குப் போக வேண்டும், எவ்வளவு கட்டணம் என்பதை நாம் கேட்கும் இழப்பீட்டுத் தொகை தீர்மானிப்பதில்லை. நாம் கடைக்குக் கொடுத்த விலை தீர்மானிக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையம். அந்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. சித்தி வாங்கிய சேலைகளின் பில் ஏழாயிரத்துச் சொச்சம். நாங்கள் கேட்டது நான்கு லட்சம். கட்டணம் பூஜ்யம். இதையே சிவில் நீதிமன்றத்தில் கேட்டிருந்தால், தமிழ்நாட்டில் 2017இல் குறைத்த பிறகும் நூற்றுக்கு மூன்று வீதம், பன்னிரண்டாயிரம் ரூபாய் நீதிமன்றக் கட்டணம் முன்பணமாகக் கட்ட வேண்டும்.

வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்பது இரண்டாவது வசதி. சென்னைக்குப் போன இடத்தில் அடிபட்டவர் தேனியில் இருந்துகொண்டே வழக்கு நடத்தலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இணையத்தில் புகார் பதியவும் வழி இருக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டாம். வருடக்கணக்கு என்றே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இதன் பலவீனம். கடையின் வழக்கறிஞர் எழுப்பும் முதல் ஆட்சேபம் எப்போதும் ஒன்றுதான்: "நாங்கள் துணி விற்கிறோம், துணியில் குறையில்லை. படிக்கட்டு நாங்கள் விற்ற பொருளும் அல்ல, அளித்த சேவையும் அல்ல." கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது வலுவுள்ள வாதம். ஓட்டல், சினிமா அரங்கம், அழகு நிலையம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றில் நாம் பணம் கொடுப்பதே சேவைக்குத்தான். அங்கே விழுந்தால் இந்தச் சிக்கல் எழாது. பொருள் விற்கும் கடையில், வாடிக்கையாளர் பாதுகாப்பாக வந்துபோக இடம் தருவது விற்பனையோடு சேர்ந்த சேவை என்று நாம் வாதிட வேண்டும். சேவைக் குறைபாடு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே, நுகர்வோருக்குக் காயம் விளைவிக்கும் கவனக்குறைவும் சேர்க்கப்பட்டிருப்பது நமக்குப் பலம்.

இரண்டாவது ஆட்சேபம்: "இவர் எதுவும் வாங்கவே இல்லையே!" காசு கொடுத்தவர்தான் நுகர்வோர். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று நுழைந்து வாசலிலேயே விழுந்தவர் இந்தக் கதவைத் தட்டினால் திறப்பது கடினம். பேத்தி பில் போட, கூடப்போன பாட்டி விழுந்தால்? பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையின் பயனைப் பெறுகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் அதற்கும் ஒரு பில் வேண்டும். பில்லைக் கட்டைப்பையோடு சேர்த்துத் தூக்கியெறிந்துவிடும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. நல்லவேளை, சித்தி மாற்றி எடுக்க நேரிடும் என்று பில்லைப் பர்ஸில் மடித்து வைத்திருந்தார்.

அந்தப் பில்லில் இன்னொரு பயனும் உண்டு. பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் வேறு, சட்டப்படி கடையை நடத்தும் நிறுவனத்தின் பெயர் வேறாக இருப்பது சகஜம். பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணை வைத்து உண்மைப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். தவறான பெயரில் வழக்குப் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் திருத்த மனு போட்டவர்களின் கதை ஆணையத்து வராந்தாவில் நிறையக் கிடைக்கும். வணிக வளாகம் என்றால் கடை, வளாக நிர்வாகம், சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரர் என்று எல்லாரையும் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

வாங்கிய பொருளே வெடித்தோ உடைந்தோ காயப்படுத்தியிருந்தால் கதையே வேறு. சோடா பாட்டில் கையில் வெடித்தது, குக்கர் மூடி பறந்தது போன்றவற்றுக்கு அதே சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயம் இருக்கிறது. அங்கே தயாரிப்பாளரையே நேராகக் கேட்கலாம். கடை வாகன நிறுத்தத்தில் இன்னொருவர் வண்டி இடித்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம்.

சிவில் நீதிமன்றம்

மாமாவுக்குப் பிடித்த வழி. சட்டப்படி மிக முழுமையான வழியும் இதுதான். பில் வேண்டியதில்லை; கடைக்குள் நியாயமாக நுழைந்த யாரும் வழக்குப் போடலாம். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். யார் சொல்வது உண்மை என்பதில் பெரிய தகராறு இருந்தால், அல்லது வாழ்நாள் முழுவதற்குமான ஊனம் என்றால், இதுவே பொருத்தம். கால வரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. நுகர்வோர் ஆணையம், நடந்தது என்ன என்பது பற்றிய தகராறு சிக்கலானது, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பினாலும், அங்கே நல்லெண்ணத்தோடு செலவழித்த காலத்தைக் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். இறந்தவரின் குடும்பம் 1855ஆம் ஆண்டின் சாவு விபத்துச் சட்டத்தின்படி வழக்குப் போடுவதென்றால் இரண்டே ஆண்டு.

இதற்கு நாம் தரும் விலை காலம்தான். 1972இல் தில்லியில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலின் நீச்சல் குளத்தில் குதித்த ஜெர்மானியத் துணை விமானி ஒருவருக்குத் தலையில் அடிபட்டுக் கைகால்கள் செயலிழந்தன. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1985இல் அவர் இறந்துவிட்டார். 1997இல் தில்லி உயர் நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோளாகப் பேசப்படுகிறது. பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை: மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, அவர் இறந்தபோதே வழக்குத் தொடரும் உரிமையும் முடிந்துவிட்டது என்று அதை ரத்து செய்தது. காயத்தால் மரணம் நேர்ந்தாலொழிய, உடற்காயத்துக்கான வழக்கு காயம்பட்டவரோடு போய்விடும் என்பதே நம் சட்டம். எழுபத்தைந்து வயதுப் பெரியவர் விழுந்து இடுப்பு உடைந்தால் சிவில் வழக்குப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழு

இதை யாரும் அன்றிரவு சொல்லவில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இது இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே ஒரு மனு கொடுத்தால், எதிர்த்தரப்பை அழைத்துப் பேசுவார்கள். உடன்பட்டால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகும். அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞரும் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குறை என்னவென்றால், கடை வர மறுத்தால் அதோடு முடிந்தது. நாங்கள் அனுப்பிய மனுவுக்குக் கடையிலிருந்து ஆள் வரவில்லை.

காகிதம்

மணிக்கட்டு முறிந்த அன்றே சித்தி தனியார் மருத்துவமனைக்குப் போனார். வரவேற்பறைப் பையன் "எப்படி ஆயிற்று?" என்று கேட்டு, "தவறி விழுந்தது" என்று எழுதிக்கொண்டான். எங்கே என்பது இல்லை! போலீஸ் விசாரணை வரும், நமக்கேன் வம்பு என்று "வீட்டில் விழுந்தேன்" என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அந்த ஒரு வாக்கியம் வழக்கைக் கொன்றுவிடும். மறுநாள் நாங்கள் திரும்பப் போய், கடையின் படியில் வழுக்கி விழுந்ததாக மருத்துவரே குறிப்பு எழுதும்வரை நகரவில்லை. அரசு மருத்துவமனை என்றால் விபத்துப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும், ஏ.ஆர். காப்பி என்றால்தான் எல்லாருக்கும் புரியும்.

அடுத்தது கண்காணிப்புக் கேமரா. பழைய பதிவு அழிந்து அதன்மேல் புதியது ஏறச் சில வாரங்கள் போதும். ஆகவே நான்காம் நாளே, இன்ன நாள் இன்ன நேரம் இன்ன படிக்கட்டின் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம் அனுப்பினோம். பதிவு கிடைத்ததா என்றால் இல்லை. ஆனால் கடிதம் கிடைத்தும் பதிவைக் காட்டாத கடை ஏன் காட்டவில்லை என்று ஆணையம் கேட்கும். கையிலிருந்த சாட்சியத்தை ஒருவர் மறைத்தால், அது அவருக்கு எதிராக இருந்திருக்கும் என்று அனுமானிக்க சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் கோப்பிலேயே பயன்மிக்க தாள் அந்த ஒரு பக்கக் கடிதம்தான்.

வருமான இழப்பைக் காட்டச் சம்பளச் சீட்டு இல்லை. சித்தியிடம் இருந்தது அளவு எழுதும் நோட்டு. யாருக்கு எத்தனை ரவிக்கை, என்ன கூலி, முன்பணம் எவ்வளவு என்று மூன்று வருடக் கணக்கு. உடல் ஊனம் இத்தனை சதவீதம் என்று மருத்துவர் எழுதுவதும், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்பதும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு சாலை விபத்து வழக்கில் விளக்கியிருக்கிறது. எழுத்தருக்குப் பத்து சதவீத மணிக்கட்டு ஊனம் தொந்தரவு. தையல்காரருக்கு அது பிழைப்பில் விழுந்த ஓட்டை. அந்த நோட்டை வைத்துத்தான் இதைச் சொன்னோம்.

எங்கள் முடிவு

பில் இருந்தது. தொகை நடுத்தரம். சித்திக்கு ஐம்பத்தோரு வயது. பத்து வருடம் காத்திருக்க மனமில்லை. என்ன நடந்தது என்பதில் பெரிய தகராறும் இல்லை. விழுந்ததைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். ஆகவே வக்கீல் நோட்டீஸ், பிறகு நுகர்வோர் ஆணையம். பில் இல்லாமல் இருந்திருந்தால் சிவில் நீதிமன்றத்தைத் தவிர வழியில்லை என்று நண்பர் சொன்னார். கை நிரந்தரமாகப் போயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நோட்டீசுக்கு வந்த பதிலில், சித்தி உயரமான குதிகால் செருப்பு அணிந்து, கைப்பேசியில் பேசிக்கொண்டே இறங்கியதாக இருந்தது. சித்தி ஆயுளில் ரப்பர் செருப்பைத் தவிர வேறு போட்டதில்லை. ஆனால் இந்தப் பதிலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது: அடிபட்டவர் பக்கமும் கவனக்குறைவு இருந்ததென்று முடிவானால் அந்த விகிதத்துக்கு இழப்பீட்டைக் குறைப்பார்கள். இரண்டு கையிலும் பை இருந்ததால் கைப்பிடியைப் பிடிக்கவில்லை என்பதை நாங்களும் மறுக்க முடியவில்லை.

ஆணையம் இரு தரப்பையும் சமரச மையத்துக்கு அனுப்பியது. அங்கே முதன்முறையாகக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் வந்து உட்கார்ந்தார். நான்கு லட்சம் கேட்டோம், எண்பதாயிரத்தில் தொடங்கினார்கள், மூன்றாவது அமர்வில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தில் நின்றது. வழக்கை நடத்தியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று மாமா இன்றும் சொல்கிறார். இருக்கலாம். ஆணையத்தில் ஜெயித்தாலும் அவர்கள் பாதித் தொகையைக் கட்டிவிட்டு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம் என்பதை நான் அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சமரசம் ஆணையத்தின் உத்தரவாகவே பதிவானது. சித்தி அந்தத் தாளை முழுதாக இரண்டு முறை படித்துவிட்டு, வலது கையாலேயே, எழுத்துக்கூட்டுவதுபோல மெல்லக் கையெழுத்துப் போட்டார்.

கணக்கில் பணம் ஏறியது. எடுக்கப் போனபோது, பழைய கையெழுத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாதிரிக் கையெழுத்தை மாற்றித் தரும்படி ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. நான்தான் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், "கடைப்படியில் விழுந்ததால்" என்று போடச் சொன்னார்.